மண்டி அரிசிப் பொங்கல்

மார்கழி முடியப் போகிறது என்றால் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு நீளமான செய்தி வந்துவிடும், பொங்கல் எப்படித் தோன்றியது என்று. நீங்களும் படித்திருப்பீர்கள். அந்தக் காலத்துப் பெண்கள் நோன்பிருந்து தை மாதம் குளத்தில் நீராடியதில் தொடங்கும். போகி இந்திரனுக்கு, மறுநாள் சூரியனுக்கு, அதற்கு மறுநாள் மாட்டுக்கு என்று விவரம் போகும். நன்றி சொல்வதற்கென்றே நாள் ஒதுக்கியவர்கள் நாம்தான் என்று முடியும். கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நானும் ஒரு கும்பிட்ட கையைப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

இந்த வருடம் அப்படிப் போக முடியவில்லை. நம் வகுப்பில் வயல், மாடு எல்லாம் இருந்த வீட்டிலிருந்து வந்தவள் ஒருத்தி அதன் கீழே எழுதியிருந்தாள்: "டவுன்ல இருந்த உங்களுக்கெல்லாம் என்னாடி பொங்கல்? நீங்க யாருக்கு நன்றி சொன்னீங்க?" விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி தட்டிவிட்டு அழித்துவிட்டேன். ஒரு விரலால் தட்டி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன். நாம் எல்லோரும் அறுபதைத் தாண்டியாயிற்று, பொறுமையாகப் படிப்பீர்கள்.

எங்கள் வீடு மில்லுக்குப் பின்னால் இருந்த தெருவில். தெருவில் பாதிப் பேர் மில்லுக்காரர்கள். அப்பாவுக்குத் தறியில் வேலை. வேலை முடிந்து வரும்போது தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். தறிச் சத்தத்தில் நின்று நின்று காது மந்தமானதால் வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். புதிதாகக் கேட்கிறவர்களுக்குச் சண்டை போடுகிறார் என்று தோன்றும். காலையில் ஒரு தடவை, மாலை நாலு மணிக்கு ஒரு தடவை மில் சங்கு ஊதும். உங்களில் பலருடைய வீட்டிலும் அதுதான் கடிகாரம்.

எங்கள் தெருவில் ஒரு மாடுகூடக் கிடையாது. பால்கூடக் கருவடிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வந்தது. ஆனாலும் பொங்கல் உண்டு. தெருவில் வாசலுக்கு வாசல் செங்கல் அடுக்கி, சவுக்குக்கட்டை எரித்து, பானை வைப்போம். அந்தப் பானைக்குள் போகிற அரிசியைக் கொண்டுவருகிறவர் மாமா, அம்மாவின் அண்ணன்.

மாமாவுக்குப் பாகூர் பக்கத்தில் கொஞ்சம் நிலம். ஒவ்வொரு போகி அன்றும் மதியவாக்கில் வருவார். ஒரு சாக்கில் கால்வாசிக்குப் புது அரிசி, இலையோடு ஒரு மஞ்சள் கொத்து, இரண்டு கரும்பு, ஒரு பரங்கிக்காய். அம்மா சாக்கைப் பிரித்ததும் முகத்தை உள்ளே விட்டு மோந்து பார்ப்பாள். நானும் பார்ப்பேன். புது அரிசிக்கு ஒரு வாசனை உண்டு. வெயிலில் காய்ந்த வைக்கோலும் கொஞ்சம் பாலும் கலந்தமாதிரி. மாமா சாப்பிட்டுவிட்டு, சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிவிடுவார். மறுநாள் விடிந்தால் அவர் வீட்டிலும் பானை வைக்க வேண்டுமே.

அப்பாவுக்கு அவரைக் கிண்டல் செய்யாவிட்டால் தீராது. "பாகூர் ராஜா கப்பம் கட்ட வந்துட்டாருடி" என்பார், தெருவே கேட்கிற குரலில். மாமா சிரித்துக்கொள்வார். அம்மாவுக்கு உள்ளுக்குள் பெருமை. தெருவில் வேறு யாருக்கும் சொந்த வயலிலிருந்து அரிசி வராது. அண்ணன் சீர் கொண்டுவந்தான் என்று நாலு வீட்டுக்கு ஆழாக்கு ஆழாக்காகப் பங்கு கொடுத்துவிட்டு வருவாள்.

அப்பா மட்டும் மாமா ஊருக்குப் போனதே இல்லை. கல்யாணத்தன்று போனதோடு சரி. அங்கே யாரோ "மில்லுக்காரனுக்கு மண்ணப் பத்தி என்னா தெரியும்" என்று சொன்னார்களாம். சொன்னது யார் என்பது அப்பா கதை சொல்லும் ஒவ்வொரு தடவையும் மாறும்.

நான் ஆறாவது படித்த வருடம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. நம் பள்ளிக்கூடத்தில் குப்பத்து ஜனங்களைத் தங்க வைத்து, நமக்கு ஒரு வாரத்துக்கு மேல் லீவு விட்டார்கள். நமக்குக் கொண்டாட்டம். மழை விட்டு நாம் பள்ளிக்குப் போன வாரமே மில் மூடிவிட்டார்கள். ஏதோ தகராறு. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: சங்கு ஊதவில்லை.

அப்பா அப்போதும் காலையில் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போவார். மில் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் வரும்போது தலையில் பஞ்சு இருக்காது. அதைப் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருந்தது. வீட்டில் ரேஷன் அரிசிக் கஞ்சி. அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து அப்பளம் இட ஆரம்பித்தாள்.

மார்கழி பிறந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"மாமா வந்தா மில்லைப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. புரியுதா? அப்பாவுக்கு லீவுன்னு சொல்லு."

"ஏம்மா?"

"அண்ணனுக்குத் தெரிஞ்சா வருத்தப்படும். சொல்லாத."

சரி என்றேன். எனக்கு அது பெரிய பொறுப்பாகத் தெரிந்தது. ரகசியம் என்று ஒருவர் என்னை நம்பிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த மாதம்தான் தமிழ் டீச்சர் 'பொங்கல், நன்றித் திருநாள்' என்று கட்டுரை எழுதச் சொன்னது, ஞாபகமிருக்கிறதா? நெற்றியில் பெரிய பொட்டு வைத்து, சாக்பீஸைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடிப்பாரே, அந்த டீச்சர். நான் சூரியன், மழை, பூமி, மாடு, உழவர் என்று வரிசையாக எழுதியிருந்தேன். பத்துக்கு எட்டு வாங்கினேன். உழவர் என்றால் பாடப் புத்தகத்துப் படத்தில் தலைப்பாகையோடு ஏர் பிடித்து நிற்கிறாரே, அவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் பஸ் டிக்கெட்டோடு வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப்போகிற மாமாதான் அந்த உழவர் என்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. அம்மாவுக்காவது தோன்றியதா என்று தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி என்று சொன்னதில்லை. பக்கத்து வீட்டில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாவின் மனைவி மட்டும் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாலும் "மெர்சி" என்பார். நாங்கள் உள்ளே போய்ச் சிரிப்போம்.

போகி அன்று காலையில் அந்தச் சொல்தா வீட்டம்மாதான் என்னைப் பெரிய மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். பானை, கோலப்பொடி, அவர் வீட்டுக்கு வாழைப்பழம். கூட்டமான கூட்டம். மஞ்சள் கொத்தும் கரும்பும் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தன. அவர் பானைக்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தபோது நான் எதிரில் இருந்த சந்துக்குள் பார்த்தேன். அரிசி மண்டிகள் இருக்கிற சந்து அது.

ஒரு மண்டி வாசலில் மாமா குந்தி உட்கார்ந்திருந்தார்.

கடைக்காரர் மூட்டையைச் சாய்த்துப் பிடித்திருந்தார். மாமா தன்னுடைய சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்து அரிசியை வாங்கிக்கொண்டிருந்தார். அது அவர் சாக்குதான். கிழிந்த மூலையை அத்தை பச்சை நூலால் தைத்திருப்பாள், எனக்குத் தெரியும். ஆனால் வழக்கமாகக் கொண்டுவருவதைப் போல மூன்று மடங்கு அரிசி விழுந்தது. கடை முத்திரை போட்ட மூட்டையைக் கடைக்காரர் உதறி மடித்து வைத்துக்கொண்டார். மாமா தன் சாக்கை இறுக்கிக் கட்டினார். மடியிலிருந்து கொஞ்சம் வைக்கோலை எடுத்துப் புரி முறுக்கி, கயிற்றின் மேல் இன்னொரு கட்டுப் போட்டார். வயலிலிருந்து வந்த மூட்டை மாதிரி ஆகிவிட்டது.

கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். சொல்தா வீட்டம்மா என் கையில் பானையைக் கொடுத்து, "ஒடச்சிடாம புடிச்சிக்கோ, நட" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் மாமாவும் வந்துவிட்டார், ரிக்‌ஷாவில் சாக்கை ஏற்றிக்கொண்டு. அம்மா வாசலுக்கு ஓடினாள்.

"என்னாண்ணே, இவ்ளோ பெரிய மூட்டை? நல்ல வெளச்சலா?"

"உனக்குத்தான் எடுத்தாந்தேன். உள்ள வைக்கச் சொல்லு" என்றார் மாமா. விளைச்சலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா வழக்கம்போல, "ராஜா இந்த வருஷம் ரெண்டு வருஷக் கப்பத்தையும் சேத்துக் கட்டிட்டாரு" என்றார். மாமா சிரித்தார்.

அந்த வருடம் அவர் சாயங்காலம் கிளம்பவில்லை. அத்தையின் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, அத்தை அங்கே போயிருக்கிறாள், அதனால் இங்கேயே பொங்கலுக்கு இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி வந்த பிறகு அண்ணன் அவள் வீட்டுப் பொங்கலுக்கு இருந்ததே இல்லை.

நாலு மணி ஆயிற்று. மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார். சங்கு ஊதுகிற நேரம். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சடாரென்று பாத்திரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள், பலத்த சத்தத்தோடு. அப்பா என்னைப் பார்த்தார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். மாமா எதுவும் கேட்காமல் மிச்ச டீயைக் குடித்தார்.

நான் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற திருப்தியோடு அன்று தூங்கினேன்.

பொங்கலன்று நல்ல நேரம் காலை ஒன்பதுக்கு மேல். தெரு முழுக்கப் புகை. அம்மா புதுப்பானைக்கு மஞ்சள் கொத்தைக் கட்டி, பால் ஊற்றி, அரிசி கழுவிய தண்ணீரையும் ஊற்றி ஏற்றினாள். மாமா அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டையைத் தள்ளிக்கொடுத்தார். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினோம். மாமா சூரியனைப் பார்த்து நெடுநேரம் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அவ்வளவு நேரம் எதற்கு என்று எனக்கு இருந்தது.

பிறகு அரிசியைப் போட்டார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

உங்களுக்குத் தெரியும், புது அரிசி சீக்கிரம் குழையும், தண்ணீர் அதிகம் கேட்காது. அம்மா வருடா வருடம் வைக்கிற அளவுக்கு வைத்திருந்தாள். தண்ணீர் வற்றிவிட்டது, அரிசி விதைவிதையாக நின்றது. இன்னும் ஒரு செம்பு ஊற்றினாள். அதுவும் போயிற்று. இன்னொரு செம்பு. அடிபிடிக்கிற வாடை வந்தது. அக்கம்பக்கத்தில் பானை வைத்திருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சொல்தா வீட்டம்மா பக்கத்தில் வந்து கரண்டியை வாங்கிக் கிளறிப் பார்த்தார்.

"என்னாம்மா இது, புது அரிசி இவ்ளோ தண்ணி குடிக்குமா?"

அம்மாவுக்கு அந்த நேரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். சமைக்கிற கைக்குத் தெரியாமல் இருக்காது. அவள் அண்ணன் பக்கம் திரும்பாமல் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன், "இது புது அரிசி இல்லம்மா. மாமா நேத்து மார்க்கெட்டு மண்டியிலதான் இத வாங்குனாரு. அவரு சாக்குல மாத்திக் கட்டுனாரு. நான் பாத்தேன்."

உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். கேள்விக்குப் பதில் தெரிந்தது, சொன்னேன். இதைச் சொல்லக் கூடாது என்று யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லையே.

அப்பா கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். அவர் என்ன யோசித்தார் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. யோசிக்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். வருடா வருடம் பேசிப் பழகிய வாய். "ஓ, உங்க ஊர்ல இப்ப நெல்லு மண்டியிலதான் வெளையுதா?" என்று கேட்டுவிட்டார், தெருவே கேட்கிற குரலில். யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள்.

மாமா எழுந்து நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை.

"பத்தரைக்கு ஒரு பஸ் இருக்குது, நான் போறேன்" என்றார்.

"சாப்புட்டுப் போண்ணே" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா. மாட்டுக்கு யாரும் தீனி வைக்க மாட்டாங்க."

என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரக் கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து போனார். அம்மா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். பின்னால் ஓடிப்போய் யாராவது நிறுத்தியிருக்கலாம். யாரும் போகவில்லை.

பொங்கலை இறக்கி, இலையில் வைத்துப் படைத்தார்கள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நெலம் தண்ணியில போயிருக்கு. கார்த்திகையிலயே போயிருக்கும்."

"உனக்கு யார் சொன்னாங்க?"

"யார் சொல்லணும்? அந்த மழைக்கு எந்த நெலம் நிக்கும்? நான்தான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"நான் அதக் கேட்டா, அண்ணன் மில்லைப் பத்திக் கேக்கும்."

அப்பா இலையை மடித்தார். அவர் குரலைத் தாழ்த்தி நான் அதிகம் கேட்டதில்லை. அன்று முழுக்க வீட்டில் சத்தமே இல்லை.

அம்மாவைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவள் வயதைத் தாண்டி வந்துவிட்டேன், எனக்கும் அப்படிக் கேட்காமல் விட்ட இடங்கள் உண்டு. உங்களுக்கும் இருக்கும். மழை பெய்த இரண்டு மாதமும் அண்ணன் நிலம் என்ன ஆயிற்று என்று அவள் தினம் நினைத்திருப்பாள். ஒரு கடுதாசி போட்டால் போதும். போட்டால் பதிலுக்கு ஒரு கேள்வி வரும். அதற்குப் பயந்து சும்மா இருந்துவிட்டாள்.

மறுநாள், மாட்டுப் பொங்கல். நான் எழுந்தபோது அப்பா குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"கெளம்புங்க" என்றார்.

"எங்க?" என்றாள் அம்மா.

"உங்கண்ணன் ஊட்டுக்கு."

அம்மா உடனே உள்ளே போனாள். அன்று காலையில் அந்த மண்டி அரிசியிலேயே மறுபடியும் ஒரு சர்க்கரைப் பொங்கல் செய்தாள். இந்தத் தடவை தண்ணீர் அளவு சரியாக வந்துவிட்டது. அதை டிபன் கேரியரில் போட்டு எடுத்துக்கொண்டோம்.

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஊர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வயல்கள் ஆரம்பித்தன. ஆரம்பித்தன என்று சொல்வது சரியில்லை. தை மாதம் பொன் நிறமாக நிற்க வேண்டிய இடமெல்லாம் கறுத்த சேறாகக் கிடந்தது. அழுகிய தாள் படுத்தவாக்கிலேயே காய்ந்து ஒட்டியிருந்தது. பஸ்ஸில் யாரும் அதை அதிசயமாகப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. டவுனில் இருந்த எங்களுக்குத்தான் தெரியவில்லை.

மாமா வீட்டு வாசலில் அத்தை பானை வைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அம்மா முதலில் கேட்டது, "அண்ணி, உங்கம்மாவுக்கு இப்ப எப்படி இருக்குது?"

"எங்கம்மாவுக்கு என்னா? நல்லாத்தான் இருக்குது" என்றவள் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஒரு படி நெல்லுகூட ஊட்டுக்கு வரலம்மா. வாங்குன அரிசியில சூரியனுக்குப் பான வைக்க எனக்கு மனசு வரல. நேத்து இங்க அடுப்பே பத்த வைக்கல. உங்க அண்ணனுக்கு அது தாங்காது. நீங்களாவது தங்கச்சி ஊட்ல இருந்து, பால் பொங்கறதப் பாத்துட்டு வாங்கன்னு நான்தான் அனுப்பிச்சேன்."

அம்மா அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டையைத் தள்ளிக்கொடுத்தாள்.

"இன்னிக்கி மட்டும் பான வச்சிருக்கீங்களே அத்தை?" என்று நான் கேட்டேன்.

"இது மாட்டுக்குடி. நாம வேணா சும்மா இருக்கலாம். அது வருஷம் பூரா ஒழச்சுதுல்ல, அதுக்குப் படைக்காம இருக்க முடியுமா?"

மாமா கொட்டகைப் பக்கமிருந்து வந்தார். கையெல்லாம் நீலச் சாயம். கொம்புக்கு அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்பாவைப் பார்த்ததும் திகைத்து நின்று, கையை வேட்டியில் துடைத்தார்.

"வாங்க மாப்ள."

அப்பா டிபன் கேரியரை நீட்டினார். "நேத்து நீங்க சாப்புடல." மாமா வாங்கிக்கொண்டதும் மிச்சத்தையும் சொன்னார். "மில்லு மூடி ஒண்ணர மாசம் ஆச்சு மச்சான். உங்கக்கிட்ட சொல்லல."

"தெரியும் மாப்ள" என்றார் மாமா. "எங்க தெருவுலேருந்தே நாலு பேரு அங்க வேல செய்யறானுங்க. மூடுன அன்னிக்கே தெரியும்."

இவ்வளவு பெரிய மூட்டை எதற்கு என்று யாரும் யாருக்கும் விளக்கவில்லை. மாமா கேரியரைத் திறந்து, அங்கேயே நின்றபடி கையால் எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். அத்தை இலை எடுத்துவர உள்ளே ஓடினாள்.

நான் கொட்டகைக்குப் போனேன். இரண்டு மாடு கட்டுகிற இடத்தில் ஒன்றுதான் நின்றது. இன்னொரு பக்கம் முளைக்குச்சியும், சுத்தமாகக் கூட்டிய தரையும் இருந்தன. மாமா பின்னால் வந்து நின்றார்.

"இன்னொண்ணு எங்க மாமா?"

"குடுத்துட்டேன். வேற ஊர்ல நல்லா இருக்கும்."

எனக்கு அப்போது பதினொரு வயது. ஆனாலும் அந்தச் சாக்கின் கனம் எங்கிருந்து வந்தது என்று அங்கே நின்றபோது புரிந்தது. அழுகை வந்துவிட்டது. "நான் சொல்லியிருக்கக் கூடாது மாமா" என்றேன்.

மாமா சாயக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, அடிக்காமல் மிச்சமிருந்த கொம்பைக் காட்டினார். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே பேசினார்.

"இது எப்டி நம்ம ஊட்டுக்கு வந்துச்சு தெரியுமா? சாமி இதும்மேல நம்பிக்க வச்சு அனுப்பிச்சாரு. பூமிக்குப் போயி, ஜனங்கள தெனம் எண்ண தேச்சுக் குளிக்கச் சொல்லு, மாசம் ஒரு தடவ சாப்புடச் சொல்லுன்னு. இது வந்து தெனம் சாப்புடுங்க, மாசம் ஒரு தடவ எண்ண தேச்சுக் குளிங்கன்னு மாத்திச் சொல்லிடுச்சு. தெனம் சாப்புடணும்னா அவ்ளோ சோத்துக்கு யாரு ஒழைக்கறது? நீயே போயி ஏர் இழுன்னுட்டாரு சாமி. அன்னிலேருந்து நம்மளோட கெடக்குது."

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொம்பில் சாயம் பூசினேன்.

"மாத்திச் சொன்னதுக்கே மால போட்டுக் கும்புடறோம்" என்றார். "நீ பாத்தத பாத்தபடிதான சொன்ன. உனக்கு என்னா தண்டன குடுக்கறது?"

மதியம் அந்த ஒற்றை மாட்டுக்குக் குங்குமம் வைத்து, வேப்பிலை மாலை போட்டு, தட்டு நிறையப் பொங்கல் ஊட்டினோம். அப்பாதான் தட்டைப் பிடித்துக்கொண்டார். மாட்டின் நாக்கு கையில் பட்டதும் ஒரு அடி பின்னால் போனார். அத்தை சிரித்துவிட்டாள். அப்பாவும் சிரித்தார்.

சாப்பிட்ட பிறகு இரண்டு பேரும் வயல் பக்கம் போய்விட்டு வந்தார்கள். அடுத்த போகமான நவரைக்கு மறுபடியும் நாற்று விட வேண்டுமாம். அதற்கு முன்னால் அழுகின தாளையெல்லாம் வாரி எடுத்து, உடைந்த வரப்பைக் கட்ட வேண்டும். ஆள் வைக்க வழியில்லை. உழவுக்குப் பக்கத்து வீட்டு மாட்டோடு ஜோடி சேர்த்துக்கொள்ளலாம், அதற்குப் பதில் அவர்கள் நிலத்தையும் உழுது கொடுக்க வேண்டும். இதையெல்லாம் மாமா அம்மாவிடம் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா குறுக்கிட்டார்.

"நீயும் பாப்பாவும் பஸ்ஸுக்குப் போங்க. நான் இங்க இருக்கேன்."

"எதுக்கு?" என்றாள் அம்மா.

"மில்லு வாசல்ல உக்காந்து என்னா பண்ணப்போறேன்? நான் உக்கார்ற எடத்துல இன்னொருத்தன் உக்காருவான்."

"உங்களுக்கு இந்த வேல தெரியாதே மாப்ள" என்றார் மாமா.

"சொல்லிக் குடுங்க" என்றார் அப்பா.

"ஒடம்பு நோவும்."

"நோவட்டும்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அத்தை மாமாவின் பழைய லுங்கி ஒன்றை எடுத்துவந்து அப்பாவிடம் கொடுத்தாள். வெளுத்த வேட்டியை அம்மா மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வெயில் சாய்கிற நேரத்துக்கு நானும் அம்மாவும் பஸ் ஏறினோம்.

பஸ் ஊரைத் தாண்டி வயலோரமாகத் திரும்பியது. அம்மா என்னை ஜன்னல் பக்கம் தள்ளி, "அங்க பாரு" என்றாள். பொங்கல் முடியட்டும், நாளைக்கு ஆரம்பிக்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. மாமா சேற்றுக்குள் முன்னால் நடந்துகொண்டிருந்தார். பின்னால் அப்பா, லுங்கியைத் தொடை வரைக்கும் தூக்கிக் கட்டிக்கொண்டு, கையை இரண்டு பக்கமும் விரித்து விழாமல் சமாளித்துக்கொண்டு, மாமா கால் வைத்த இடத்தைப் பார்த்துப் பார்த்து அதே இடத்தில் கால் வைத்துப் போய்க்கொண்டிருந்தார்.

அவர் வீட்டுக்குத் திரும்பி வர மாசி பாதியாகிவிட்டது.